நொடிக்கு ஒரு சொல்

எதிரே உட்கார்ந்திருந்தவர் பத்தாவது சொல்லைத் தேடிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, மேஜைமேல் கிடந்த போன் அதிர்ந்தது. சோதனை நடக்கும்போது யாரும் போனைத் தொடக்கூடாது என்று அந்தத் துறையில் சட்டம் போட்டவளே அவள்தான். தொடவில்லை. அது ஓய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி அதிர்ந்தது. “குடை சொல்லிட்டேனா மேடம்?” என்று கேட்டார் அவர். “சொன்னீங்களா இல்லையான்னு நான் சொல்லக்கூடாதுங்க. ஞாபகம் வர்றதச் சொல்லுங்க, போதும்” என்றாள், வருஷக்கணக்காகச் சொல்லித் தேய்ந்த குரலில். அவர் ஒன்பதோடு கையை விரித்துவிட்டார். தாளில் குறித்துக்கொண்டு, அவரை வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்த பிறகுதான் போனை எடுத்தாள்.

அவள் உளவியலாளர். மனச்சிதைவு நோய் வந்தவர்களின் மரபணுவில் என்ன இருக்கிறது, அவர்களுடைய ஞாபகமும் கவனமும் எந்த இடத்தில் பிசகுகின்றன, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆறு வருஷமாகக் குடைந்துகொண்டிருக்கும் ஆய்வில் பாதிப் பாரம் அவள் தலையில்தான். மூன்று ஆஸ்பத்திரிகளிலிருந்து நோயாளிகள், அவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்கள். எல்லோரிடமும் இரண்டு ட்யூப் ரத்தம், இரண்டு மணி நேரச் சோதனை. யாருக்கும் பேர் கிடையாது, எண் மட்டும்தான். அந்தச் சோதனைகளில் பேர்போனது பதினைந்து சொற்களின் பட்டியல். நொடிக்கு ஒரு சொல்லாக வாசிப்பார்கள், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்தப் பட்டியல் அவள் பெற்ற பிள்ளை. ‘கயிறு’ வேண்டாம், ‘கிணறு’ வேண்டாம், ‘கத்தி’ வேண்டவே வேண்டாம், நொந்துபோய் வந்து உட்காருகிறவர்கள் காதில் அதெல்லாம் விழக்கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கழித்து, மேஜை, குடை, காகம், ஏணி என்று சாதுவான சொற்களாகச் சேர்த்திருந்தாள். எங்கேயும் அச்சில் வராத பட்டியல். யாரும் முன்கூட்டிப் படித்துவிட்டு வர வழியில்லை என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்வாள்.

போனில் பேசியவர் மரபணு லேப்காரர். “மேடம், ஒரு வில்லங்கம். எல்லா சாம்பிளையும் ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பார்ப்போம்ல, சொந்தக்காரங்க யாராவது தெரியாம உள்ள வந்துட்டாங்களான்னு. அதுல நாப்பத்தொண்ணும் இருநூத்திப் பன்னெண்டும் கூடப் பொறந்ததுங்கன்னு காட்டுது. சந்தேகமே இல்ல. இருநூத்திப் பன்னெண்டு பேஷண்ட். நாப்பத்தொண்ணு நார்மல் குரூப். குடும்பத்துல யாருக்கும் வியாதி இல்லன்னு எழுதிக் குடுத்துட்டுல்ல அதுல சேரணும்?”

அவள் “ஆமா” என்றாள்.

“ட்யூப் மாறியிருக்கும். ரத்தம் எடுக்கற ஊசியக்கா கைங்கரியமா இருக்கும். பெரியவர்கிட்ட சொல்லிட்டேன். திங்கட்கிழமை எப்படியும் அந்த இருநூத்திப் பன்னெண்டு இங்க வருதாமே, அன்னைக்கே ரிஜிஸ்டரத் திறந்து நாப்பத்தொண்ணு யாருன்னு பார்த்துடலாம்னார்.”

போனை வைத்துவிட்டு அவள் அலமாரிப் பக்கம் திரும்பினாள். எந்த எண் யாருக்கு என்று எழுதிய ரிஜிஸ்டர் அவள் அறையிலேயே இரும்பு அலமாரியில் இருக்கிறது. பெரியவர், அதாவது துறைத்தலைவர், பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கக் கூடாது. திறக்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இல்லை. நாற்பத்தொன்று அவளேதான்.

ஆய்வு ஆரம்பித்த புதிதில் நோயாளிகள் வந்தார்கள், நோயில்லாதவர்கள் வரவில்லை. ‘நமக்கு நாமே’ என்று சிரித்துக்கொண்டு துறையில் இருந்தவர்களே வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். பட்டியல் எழுதியவள் என்பதால் அவளுக்கு ஞாபகச் சோதனை கிடையாது, ரத்தம் மட்டும்தான். படிவத்தில் ஒரு கேள்வி: பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் யாருக்காவது மனநோய் உண்டா? பின்னால் நாலு பேர் நின்று கேலி பேசிக்கொண்டிருந்தார்கள். “மேடம் வீட்ல எல்லாரும் பேராசிரியர்களாத்தான் இருப்பாங்க” என்றான் ஒருவன். அவள் பேனா ஒரு கணம்கூட நிற்கவில்லை. ‘இல்லை’யில் டிக் அடித்தாள். அதற்கு முன்னால் பத்து வருஷமாக வாயால் சொல்லிவந்த பொய்யை அன்றைக்குக் கையால் எழுதினாள், அவ்வளவுதான். படிக்கிற காலத்தில் ஒரு விரிவுரையாளர், “வீட்டுல ஒரு கேஸ் இருக்கறவங்கதான் இந்தப் படிப்புக்கு ஓடி வருவாங்க, தனக்கும் வந்துடுமோன்னு பார்க்க” என்று வகுப்பில் ஜோக்கடித்தார். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சிரித்தாள். சிரித்த கையோடு வீட்டைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவள் ஒரு சாவியை எங்கேயாவது வைத்துவிட்டுத் தேடினால் அது மறதியாகவே இருக்க வேண்டும், அதை யாரும் அறிகுறியாகப் பார்க்கக் கூடாது. அவள் வேண்டியது அவ்வளவுதான்.

நாற்பத்தொன்று அவள் என்றால் இருநூற்றுப் பன்னிரண்டு யார்? அவளுக்குக் கூடப் பிறந்தவன் ஒரே ஒருத்தன்.

பக்கத்து ஆஸ்பத்திரியில் பார்க்காமல், ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு அவனைப் போகவைத்ததே அவள்தான். அதுவும் ஆய்வில் சேரும் என்று அப்போது அவளுக்குத் தெரியாது. சேர்ந்தபிறகு மாற்றினால் அம்மா காரணம் கேட்பாள் என்று விட்டுவிட்டாள். கேட்டால் சொல்ல அவளிடம் என்ன இருந்தது?

இதில் கொடுமை என்னவென்றால், இருநூற்றுப் பன்னிரண்டு சாதாரண எண் இல்லை. துறையே இரண்டு வாரமாக அந்த எண்ணைத்தான் கொண்டாடிக்கொண்டிருக்கிறது. நல்ல நிலையில் இருப்பவர்களே முதல் வாசிப்பில் ஏழு, எட்டு சொல் சொல்வார்கள். இருபது வருஷத்துக்கு மேல் நோயோடு இருக்கும் அந்த ஆள் முதல் வாசிப்பிலேயே பதினைந்தையும் சொன்னார், அதுவும் வரிசை மாறாமல். பெரியவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “இந்த ஆள் தலைக்குள்ள ஏதோ ஒண்ணு நோய எதிர்த்து நிக்குதும்மா. அது எதுன்னு பிடிச்சிட்டோம்னா வேறென்ன வேணும்? இங்க கூப்பிடுங்க. ரெண்டாவது பட்டியல நீங்களே வாசிங்க, நான் பக்கத்துல உக்காந்து பார்க்கணும்” என்று சொல்லிவிட்டார். அதற்குத்தான் திங்கட்கிழமை.

அலமாரிக்குப் பக்கத்துக் கோப்பிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டின் விடைத்தாளை எடுத்தாள். பேர் இல்லாத தாள், எடுத்தால் தப்பில்லை. கடைசியில் ‘குறிப்பு’ என்ற கட்டத்தில், மறுகோடி ஆஸ்பத்திரியில் சோதனை செய்த பெண் குண்டு குண்டாக எழுதியிருந்தாள்: ‘இந்தச் சொற்களைத் தன் தங்கைதான் எழுதினாள் என்று நம்புகிறார்.’ அதன் கீழே சிவப்பு மையில் ‘மனப்பிரமை, ஞாபகத்தைப் பாதிக்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது வேறு யாருமில்லை, இவளேதான். இரண்டு வாரத்துக்கு முன்னால், டீ குடித்துக்கொண்டே போட்ட கையெழுத்து. தாளின் ஓரத்தில் டீக்கறை இருந்தது.

கதவு தட்டப்பட்டது. ரத்தம் எடுக்கும் டெக்னீஷியன் தலையை நீட்டினாள். வலிக்காமல் ஊசி போடுவதால் துறைத்தலைவர்கூட அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார். வருஷத்துக்கு வருஷம் நீட்டிக்கிற வேலை அவளுடையது, அடுத்த மாதம் நீட்டிக்க வேண்டும்.

“மேடம், நான் ட்யூப மாத்திட்டேன்னு பேசிக்கறாங்களே? லேபிள் ஒட்டாம நான் அடுத்த ஆளோட கையத் தொடமாட்டேன். உங்களுக்கே தெரியும்ல? நீங்க ஒரு வார்த்த சொன்னா பெரியவர் கேப்பார்.”

“பார்க்கலாம்கா. திங்கட்கிழமை பார்த்துடலாம்.”

“எனக்குத் தூக்கமே வராது மேடம் அதுவரைக்கும்.”

ஊசியக்கா போய்விட்டாள். அந்தக் கணமே கூப்பிட்டு, ‘அக்கா, தப்பு உங்க மேல இல்ல’ என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்ததை மென்று முழுங்கிவிட்டாள். ஏனென்றால் மனசு அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தது. திங்கட்கிழமை அவன் வராமல் இருந்தால் போதும். ட்யூப் மாறியது என்று நாற்பத்தொன்றைத் தூக்கிவிடலாம், ரிஜிஸ்டரைத் திறக்காமலேயே பெரியவரைச் சம்மதிக்க வைத்துவிடலாம். அவன் வந்தால் அவ்வளவுதான். கதவைத் திறந்ததும் எல்லார் முன்னாலும் ‘பாப்பா’ என்பான். உண்மையைச் சொல்லிவிட்டாலோ, அவள் எழுதியதே பொய் என்றால் அவள் விசாரித்துச் சேர்த்த அத்தனை நார்மல்களையும் யார் நம்புவார்கள்? ஆறு வருஷமும் குப்பைக்குப் போகும், அவளும் கூடவே போக வேண்டியதுதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முட்டியது.

சனிக்கிழமை காலையில் அம்மா ஒரு வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டை யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

“அவன எங்கயாவது ரத்தம் குடுக்கக் கூட்டிட்டுப் போனியா?”

“போனேன், என்ன இப்ப? மாத்திரைய எழுதி வாங்கிட்டு வர்றதத் தவிர அவனுக்கு அங்க என்ன வேலை? அன்னைக்கு ஒரு பொண்ணு வந்து, ஆராய்ச்சி பண்றோம்மா, இவர மாதிரி இருக்கறவங்களுக்கு நாளைக்கு உதவும்னு கேட்டுச்சு. பாவம், எல்லாரும் முடியாதுன்னு போறாங்க. எனக்கு உன் ஞாபகம் வந்துச்சு. நீயும் இப்படித்தானே யார்கிட்டயாவது கேட்டுட்டு நிப்பன்னு கையெழுத்துப் போட்டேன்.”

“என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“நீ எங்க பேசற, கேக்கறதுக்கு?” என்றாள் அம்மா, இஸ்திரிப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அண்ணன் உள்ளேயிருந்து வந்தான். நாற்பத்து மூன்று வயது. மாத்திரை உடம்பை ஊதவைத்திருந்தது, விரல்கள் எப்போதும் எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். சமையலறைக்கும் ஜன்னலுக்கும் நடுவே நாளெல்லாம் நடப்பான், அதற்கே தரையில் ஒரு தடம் விழுந்திருந்தது. அவன் எதிரே வந்தால் அவள் ஒதுங்கி வழிவிடுவாள், அவள் வந்தால் அவன் ஒதுங்குவான். வருஷக்கணக்கில் இரண்டு பேரும் அந்த வீட்டை அப்படித்தான் பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு அவன் ஒதுங்கவில்லை.

“பதினஞ்சுக்குப் பதினஞ்சு பாப்பா. அம்மா சொன்னாங்களா?”

அவள் தலையை ஆட்டினாள். அவன் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்று, கையைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தான். மேஜை. குடை. காகம். ஏணி. நொடிக்கு ஒன்று, கடிகாரம் தோற்றுவிடும். எட்டாவது சொல்லுக்கு அப்புறம் லேசாகத் தொண்டையைச் செருமினான். எட்டாவதுக்கு அப்புறம் செருமுவது அவள் வழக்கம். அந்தச் சொல்லுக்குச் சொல் இடைவெளி, கடைசிச் சொல்லில் குரல் இறங்குவது, எல்லாம் அப்படியே அவளுடையது.

“உன்னோடதுதான்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். உடனே எழுதிக்கிச்சு” என்று சிரித்தான். “அவங்க குனிஞ்சு எழுதற வேகத்துலயே எனக்குத் தெரிஞ்சிடும், நான் சொன்னது எந்தக் கட்டத்துக்குள்ள போகுதுன்னு.”

அவன் நடையை ஆரம்பித்துவிட்டான். பாதி வழியில் நின்று, “திங்கட்கிழமை பெரிய டாக்டர் பார்க்கணுமாம். வேற பதினஞ்சு குடுப்பாங்களாம்” என்றான்.

“அவனுக்கு எப்படித் தெரியும், அந்தப் பட்டியல்?” என்று அம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“கேக்கற பாரு கேள்வி! அத எழுதினப்ப நாலு மாசம் கதவச் சாத்திக்கிட்டு அதையேதானே படிச்ச, கைல கடியாரத்த வெச்சுக்கிட்டு? இவன் இந்தப் பக்கம் பலகைச் சுவத்துல சாஞ்சு உக்காந்து கூடவே சொல்லிட்டிருப்பான். எழுந்து போடான்னா, ‘பாப்பா பேசிட்டிருக்கா, சும்மா இருங்க’ன்னு என்னை அதட்டுவான்.” அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டாள். “உன் குரல் இந்த வீட்டுல கேட்டது அந்த நாலு மாசம்தான்டி.”

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வந்தது. அழுவது பலகைச் சுவரைத் தாண்டிக் கேட்கும் என்று தலையணையை வாயில் வைத்துக்கொண்டாள். நோயை எதிர்த்து நிற்கும் மரபணுவாம். பெரியவர் அதைத் தேடி எத்தனை ராத்திரி கண்விழித்திருப்பார்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் படுத்திருந்த நேரம் பார்த்து அம்மாவிடம் போனாள். “நாளைக்கு அவனக் கூட்டிட்டுப் போகாத. அவங்க வரச்சொல்றது என் ஆபீசுக்கு.”

அம்மாவின் முகம் மலர்ந்தது. “அப்படியா? சொல்லவே இல்ல! உன் ஆபீசயே நான் பார்த்ததில்ல.” சொல்லிக்கொண்டே வந்தவள் மகளின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். மெதுவாகப் புரிந்தது. “அங்க எங்களப் பத்தி என்னன்னு சொல்லி வெச்சிருக்க?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணும் சொல்லலைன்னா?”

“அப்படி ஒரு ஆளே இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கேன்மா.”

அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது. அம்மா கொடியிலிருந்து காய்ந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்தாள், மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். “ரெண்டு வாரமா அவன் தானே குளிக்கறான். நான் சொல்லாம மாத்திரை போட்டுக்கறான். நாளைக்கு என்ன செருப்புப் போடறதுன்னு நேத்து மூணு தடவ கேட்டான்” என்றாள். “வராதன்னு நீயே போய்ச் சொல்லு. என்னால முடியாது.”

மத்தியானம் முழுக்க அதை எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். தள்ளிவெச்சிட்டாங்களாம். பெரிய டாக்டருக்கு உடம்பு சரியில்லையாம். உன் மார்க்கே போதும்னுட்டாங்களாம். நம்பிவிடுவான். தன்னிடம் எல்லோரும் ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்கள் என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம், கேள்வி கேட்காமல் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு நடக்கப் போய்விடுவான். அடுத்த மாதம் ஊசியக்காவும் அதே மாதிரி கேள்வி கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு போவாள். இவள் மட்டும் அலமாரிச் சாவியோடு அதே நாற்காலியில், இன்னும் இருபது வருஷம், எதிரே வருகிறவர்களிடம் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அதை நினைத்ததும் வேலை போவதைவிட அதுதான் பயமாக இருந்தது.

ஐந்து மணிக்கு மேஜை முன் போய் உட்கார்ந்தாள். பையிலிருந்து இரண்டாவது பட்டியல் எட்டிப்பார்த்தது. பலகை, நிலா, செருப்பு என்று போகும். அதிலும் அவனை ஜெயிக்கவைக்க ஒரு வழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. இப்போது ஒரே ஒரு தடவை சத்தமாக வாசித்தால் நாளைக்கும் பதினைந்துக்குப் பதினைந்து. பெரியவர் குதிப்பார், அவன் ஜெயிப்பான், பொய்யின் மேல் இன்னொரு பொய் ஏறி உட்காரும். தாளை உள்ளே தள்ளி, பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

அந்தச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் நின்றது. நாற்காலி ஒன்று தரையில் உரசிக்கொண்டு வந்தது. அதில் ஒரு கனத்த உடம்பு உட்கார்ந்தது. பலகை லேசாக உள்வாங்கி முனகியது, சாய்ந்துகொண்டான் போல.

“பாப்பா, நான் ரெடி” என்றான். “மெதுவாவே சொல்லு. அவசரமில்ல.”

அவன் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. அவளும் எழுந்துபோய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். பலகையில் அந்தப் பக்கத்துச் சூடு தெரிகிறதா, தன் பிரமையா என்று புரியவில்லை. ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் இருந்தன, ஒன்றுகூட நாக்கில் ஏறவில்லை. அவள் வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

“அண்ணா” என்றாள்.

ஒரு நொடி.

“அண்ணா” என்றான் அவன் அந்தப் பக்கத்திலிருந்து, ஒவ்வொரு எழுத்தையும் பத்திரமாக, அவள் சொன்ன அதே குரலில். பிறகு அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தான்.